ஹாரன் அடித்தவன் இறங்க வேண்டும்

ஷிபெனிக் என்ற கடலோர ஊரின் துறையில் சுற்றுலாப் படகு ஓட்டிய லோவ்ரே சரியான பிடிவாதக்காரன். அவன் படகில் விருந்தாளிகளுக்கு மீன் சுட்டுக் கொடுத்தவள் நான், சோர்க்கா. கோடை முழுக்க அவன் சிகரெட்டுப் புகைக்கும் என் அடுப்புப் புகைக்கும் சண்டைதான்.

எங்கள் தீவுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டின் எதிரே படகு ஹாரன் அடித்தால் அந்த வீட்டார் இறங்கி வந்து கயிற்றைப் பிடித்துக் கட்டுவார்கள். கட்டியாயிற்று என்பதற்கு இரண்டு இழுப்பு இழுப்பார்கள். அடித்தவன் இறங்காமல் போகக் கூடாது.

லோவ்ரேவின் வீடு ஓலிப் தீவில். அங்கிருந்த மற்றவர்கள் எல்லாரும் எப்போதோ ஊர்ப்பக்கம் குடிபோய்விட்டார்கள். அவன் மனைவி பெரினா மட்டும் அசையவில்லை. ஹாரன் கேட்டதும் மாவுக் கையோடு ஓடி வருவாள். போன குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்தவன் ஹாரனை மட்டும் விடவில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அடிப்பான், இறங்காமல் போய்க்கொண்டே இருப்பான். இது நல்லதுக்கில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

ஜூனில் ஒரு செக் பெண்மணி, அந்த அம்மா ஏன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று கேட்டாள். படகுத்துறை வெறுமையாக இருந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். லோவ்ரேவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது இன்னும் பயமாகிவிட்டது.

அதன்பின் வெளியூர்க்காரர் யாராவது ஒருவர் கண்ணில் அவள் பட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் அவனுக்கும்தான் தெரியவில்லை. தலையில் துணி கட்டியிருக்கிறாளா, கையில் மாவு இருக்கிறதா என்று கெஞ்சிக் கேட்பான். ஒரு தடவை பார்த்தால் போதும் என்று என்னிடம் அழுதான். பாவமாகத்தான் இருந்தது.

சீசனின் கடைசிப் பயணம். காற்றே இல்லை. ஹாரன் அடித்தவன் அன்று படகை நிறுத்திக் கயிற்றையும் வீசினான். கயிறு தண்ணீரில் விழவில்லை. விறைத்து நின்றது. பிறகு ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு. விருந்தாளிகள் அவளுக்குக் கையசைத்தார்கள், சனியன்கள்.

லோவ்ரே கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"விடு பெரினா. இவங்கள ஊர்ல விட்டுட்டு வந்துடறேன்."

கயிறு தளர்ந்தது.

ஊர் திரும்பியதும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "போகாதய்யா. சொன்னாக் கேளு."

"வரேன்னு சொல்லிட்டேனே, சோர்க்கா."

சாயங்கால வெயிலில் தனியாகக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை இரவல் படகில் ஓலிப் போனேன். அவன் படகு துறையில் கட்டியிருந்தது. முடிச்சு பெரினாவுடையது. இடக்கைக்காரி, அவள் ஒருத்திதான் அப்படிச் சுற்றுவாள். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ரொட்டி வேகும் வாசனை தண்ணீர் வரை வந்தது. அவனைக் காணவில்லை.

ஹாரனில் கை வைத்தேன். ஒரு தடவை அடித்தால் எட்டிப் பார்ப்பான் என்று மனசு அடித்துக்கொண்டது.

அடித்தால் இறங்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டு படகைத் திருப்பினேன்.