ஓசி நிரலுக்கு ஒரு கேட் பாஸ்

ஒரு பொருளுக்கு விலை இல்லை என்ற காரணத்துக்காக எங்கள் ஆலையில் தீபாவளி போனஸ் நிற்கப் பார்த்தது.

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நான் ஸ்டோர்ஸ் சூப்பரிண்டெண்ட். ஸ்ரீவில்லிபுத்தூர் சுமதி என்பவர் போனஸ் கணக்குக்கு மென்பொருள் எழுதி, லைசென்ஸ் போட்டு எங்களுக்கு விற்றிருந்தார். அதற்குள் பெயர்களை வரிசைப்படுத்தும் பகுதி மட்டும் ஒரு வெளிநாட்டுக்காரர் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. சுமதி தன் பகுதிக்கு விலை வைப்பதை அதன் உரிமம் தடுக்கவில்லை. நிபந்தனை ஒன்றுதான்: இலவசப் பகுதியை யாருக்குக் கொடுத்தாலும் அதன் மூல நிரலையும், அதாவது சோர்ஸையும், கொடுக்க வேண்டும். சுமதி இதையெல்லாம் பில்லில் நேர்மையாக எழுதியிருந்தார். அதுதான் வினை.

விலையில்லாமல் உள்ளே வருவது எங்கள் விதிப்படி சாம்பிள். பஞ்சுக்கும் பாபினுக்கும் எழுதிய விதி. சாம்பிளைச் சோதித்துவிட்டு அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும். அதுவரை பில் பாஸ் ஆகாது, அந்த மென்பொருள் போட்ட போனஸ் கணக்கில் கையெழுத்தும் கிடையாது என்றார் ஆடிட்டர்.

"அத எடுத்துட்டா புரோகிராமே ஓடாது சார்" என்றார் சுமதி.

விதியை மறுபடி படித்தேன். திருப்பி அனுப்பு என்றுதான் இருந்தது; உள்ளே மிச்சம் இருக்கக் கூடாது என்று இல்லை. ஃபிளாப்பியில் பிரதி எடுத்து அந்த வெளிநாட்டுக்காரருக்கே அனுப்பச் சொன்னேன்.

"அப்ப சோர்ஸையும் வைக்கணும் சார். லைசென்ஸ்ல இருக்கு."

"எழுதுனவருக்கேவாம்மா?"

"யாருக்குன்னாலும்னு போட்டிருக்கே."

விதி என்றால் எனக்கு மரியாதை உண்டு. சோர்ஸும் போயிற்று.

ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர்ல அது இன்னும் இருக்காமே?"

"இருக்கு சார்."

"உள்ள இருக்கது எனக்கெதுக்கு? வெளிய போனதுக்கு கேட் பாஸ் இருக்கா, அதச் சொல்லும்."

இருந்தது. கையெழுத்துப் போட்டார். தீபாவளிக்கு முன்பே போனஸ் வந்தது.

பொங்கல் கழிந்து ஒரு பார்சல் வந்தது. தம் நிரல் எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று அந்த வெளிநாட்டுக்காரர் நினைத்துவிட்டார். வருத்தம் தெரிவித்து, திருத்திய பதிப்பை இலவசமாக அனுப்பியிருந்தார்.

ஆடிட்டர் உறையைப் புரட்டிப் பார்த்தார். "வெல போட்டிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப சாம்பிள்."

இளையவர்களுக்குச் சொல்வது இதுதான். இலவச நிரலைச் சேர்க்குமுன் அதன் உரிமத்தைப் படியுங்கள். சேர்க்கப்போகும் இடத்தின் விதிகளை அதற்கும் முன்பே படியுங்கள். சுமதி படித்துக்கொண்டார். புதுப் பதிப்பைச் சேர்த்ததற்கு ஒரு ரூபாய் கூலி என்று அடுத்த பில்லில் போட்டார். உரிமம் அதை அனுமதித்தது.

"ஒரு ரூவா சாஸ்தி" என்றார் ஆடிட்டர். எட்டணாவாகக் குறைத்துப் பாஸ் செய்தார்.