பொன்னி சோறு தொடாத பங்குனி

மாரியாத்தாளை நம்பிப் பிழைக்கும் என் சொந்தங்களே, போன பங்குனியில் எங்கள் பொன்னி சோற்றைத் தொடவில்லை. கண்ணெதிரே ஓர் உயிர் கரைந்துகொண்டிருந்தது. எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை.

பொன்னி நான் பெற்ற பிள்ளை இல்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம், மனவளர்ச்சி குன்றிய பெண்கள் தங்கியிருக்கும் ஹோமில் நான் வேலை பார்க்கிறேன். பொன்னிக்கு முப்பது வயது இருக்கும். பேச்சு வராது. "ம்ம்" என்பாள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அவளைப் பிடித்து உட்காரவைத்து வாயில் திணிப்போம். பாதியைத் துப்பிவிடுவாள். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த மேடம் அதைப் பார்த்துப் பொரிந்து தள்ளிவிட்டார். "திணிக்காதீங்க. நீங்களும் தட்டு வச்சு எதிர்ல உக்காந்து சாப்புடுங்க. ஒங்களப் பாத்து அவங்களே கைய வைப்பாங்க."

நடக்கிற காரியமா என்று நினைத்தேன். நடந்தது! நான் ஒரு வாய் வைத்தால் அவளும் ஒரு வாய் வைப்பாள். பெற்றவள் மாதிரி பூரித்துப்போனேன்.

அப்படிச் சாப்பிட்டவள்தான், ஊரில் ஆத்தா திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாளிலிருந்து தட்டைத் தள்ளிவிட்டாள். நானும் கையில் காப்புக் கட்டியிருந்தேன். பகலில் ஒரு தம்ளர் பால், ராத்திரி பூஜை முடிந்து வீட்டில் ஒருவேளைச் சோறு. அதுதான் என் விரதம். அந்த விரதத்தோடு அவள் எதிரே உட்கார்ந்து கெஞ்சினேன். என்னோடு பால் மட்டும் குடித்தாள். மற்றவர்கள் ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையையும் துப்பினாள். அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்தது. என் மடியிலேயே அவள் வெட்டி வெட்டி இழுத்தாள்.

கோயிலுக்கு ஓடினேன். கும்பிடவில்லை, சண்டை போட்டேன். "ஏ ஆத்தா, ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? வாயில்லாத பிள்ளைய வாட்டி என்னத்தக் காணப் போற? அவ சாப்புடுற வரைக்கும் நானும் எதையும் தொட மாட்டேன். ரெண்டு பேரையும் சேத்தே எடுத்துக்க!"

சோற்றையும் விட்டேன், பாலையும் விட்டேன். பொன்னியும் பாலைத் தள்ளினாள். ஆத்தா கைவிட்டுவிட்டாள் என்றே முடிவு கட்டினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பொன்னிக்கு எதிரே உட்கார்ந்திருந்த நான் கண் இருட்டிச் சரிந்தேன். சமையல் செய்யும் சரசு அக்கா ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்தார்.

"அடி கூறுகெட்டவளே! நீ போய்ச் சேந்துட்டா இந்தப் பிள்ளைய யாருடி பாக்குறது? இந்தக் கஞ்சியக் குடி!"

"வேண்டாங்க்கா... ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்..."

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ குடி!"

கஞ்சியை என் வாயில் ஊற்றியேவிட்டார். ஐயோ, தெய்வக்குத்தம் ஆகிவிட்டதே, இனி பொன்னி பிழைக்கமாட்டாளே என்று கதறிக்கொண்டே விழுங்கினேன்.

எதிரே "ம்ம்" என்று சத்தம். பொன்னி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு மடக்குக் குடித்தேன். அவள் தட்டை இழுத்தாள். ஒரு வாய் வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் குடித்தேன். அடுத்த வாய் வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சாப்பிடாததால்தான் அவள் சாப்பிடவில்லை. அப்படித்தானே பழக்கியிருந்தோம்! என் விரதமும் அவளுக்காக நான் கிடந்த பட்டினியுமே அவளைக் கொன்றுகொண்டிருந்தன. ஆத்தா என் விரதத்தை முறித்து அவள் உயிரைக் கொடுத்தாள்.

இப்போது பொன்னி நன்றாக இருக்கிறாள். வலிப்பும் அடங்கிவிட்டது. ஹோமுக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "இங்க வந்தா வயிறாரச் சாப்புடுங்க. ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

தாங்க முடியாத கஷ்டம் வந்தால் நீங்களும் ஆத்தாளிடம் போங்கள். திட்டுங்கள், சண்டை போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நாம் சொன்ன வழியில் பதில் வரவில்லை என்று மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

அன்று என் கஞ்சி தீர்ந்ததும் பொன்னி கையை நிறுத்திவிட்டாள். தன் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி என் வாய்க்கு நேரே நீட்டினாள். நான் வாங்கி விழுங்கிய பிறகுதான் அவள் மறுபடி சாப்பிட்டாள்.