ஒரே முள், இரண்டு வேகம்

நின்ற இடத்தை விட்டு நகராமல் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகத் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் ஸ்பீடாமீட்டர் ரிப்பேர்காரன்.

பழைய கார் வைத்துக்கொண்டு அல்லல்படும் சக ஜீவன்களே, உங்களுக்கு என் கடையைப் பற்றிச் சொன்னால் புரியும். ஆரணியில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் ஒற்றை ஷட்டர். உள்ளே ஒரு மேசை, மேசைமேல் பழைய தையல் மிஷினின் மோட்டார். காரிலிருந்து கழற்றிய மீட்டரை அந்த மோட்டாரில் மாட்டி ஓட்டிப் பார்ப்பேன். முள் மெல்ல எழும்பும். இருபது, நாற்பது, அறுபது. பக்கத்து வீட்டு விசைத்தறி தடக் தடக்கென்று தாளம் போடும். எனக்குக் கண் சொக்கும். போளூர் தாண்டியாயிற்று, மலை தெரிகிறது, எதிர்க்காற்று முகத்தில் அடிக்கிறது என்றெல்லாம் தோன்றும். அடிப்பது டேபிள் ஃபேன் காற்று.

மீட்டருக்குள் நடப்பதும் கொஞ்சம் கனவு மாதிரிதான். கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுற்றிக்கொண்டே மேலே வரும். அது மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சூழ்ந்தாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம். முள் அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்தது. காந்தம் கிண்ணத்தைத் தொடவே தொடாது. தொடாமலே இழுக்கும். தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங், போதும் வா என்று பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். இழுப்புக்கும் பிடிப்புக்கும் நடுவில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். இதை யோசித்துக்கொண்டே உட்கார்ந்தால் எனக்கு மதியச் சாப்பாடு மறந்துபோகும். வீட்டிலிருந்து போன் வரும். என் மனைவி எப்போதும் கேட்பது ஒரே கேள்விதான்: "சோறு ஆறிப்போவுது, இப்ப எந்த ஊர்ல கீறீங்க?"

முப்பதுதான்!

பரசுராமன் ஐயா பட்டுப்புடவை வியாபாரி. அவரிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருக்கிறது. ஒரு காலத்தில் காஞ்சிபுரத்துக்கும் வேலூருக்கும் புடவை மூட்டைகளோடு பறந்த வண்டி. ஒருநாள் காலை அதைக் கடை வாசலில் நிறுத்தி, "முள்ளு பேய் புடிச்ச மாதிரி ஆடுதுப்பா" என்றார். விஷயம் முள்ளோடு போகவில்லை. அவருடைய ஒரே மகள் கீதாவைப் படவேட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறது. முதல் பிள்ளை, ஏழாம் மாதம். அடுத்த வாரம் வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும், அதுவும் ராகு காலத்துக்கு முன்னால் வாசல்படி ஏறிவிட வேண்டும். உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் மனைவி அலமேலு அம்மாள் ஒரு சட்டம் போட்டிருந்தார்: வண்டி முப்பதைத் தாண்டக் கூடாது, தாண்டவில்லை என்பதை முள் காட்ட வேண்டும், முள் சரியாகாவிட்டால் கீதா அந்த வண்டியில் ஏறமாட்டாள். வாடகைக் கார் பிடிக்கலாமே என்று நான் சொன்னதற்கு ஐயா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்தப் பெண் கல்யாணத்துக்குப் போனதே இந்த வண்டியில்தானாம்.

எந்த மீட்டரையும் கழற்றுவதற்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். ஐயா ஓட்ட, நான் பக்கத்தில். முள் இருபதுக்கும் எழுபதுக்கும் நடுவே குதித்தது. கேபிள் காய்ந்திருந்தாலோ, எங்காவது மடங்கியிருந்தாலோ முள் இப்படித்தான் துள்ளும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மின்கம்பங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. ஒரு பஸ் பின்னால் போயிற்று. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ஐயாவுக்கு முகம் வாடிவிட்டது. "முப்பதுலதாம்பா போய்கினு கீறேன், நீ இன்னாத்துக்கு அதப் புடிச்சிகினு கீற?"

பட்டு குடித்த எண்ணெய்

மீட்டரைக் கழற்றினேன். கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாக ஒரு படலம், மார்கழிக் காலையில் ஜன்னலில் பனி படிகிற மாதிரி. விரலால் தொட்டு முகர்ந்தால் கியர் ஆயில். காந்தமும் கிண்ணமும் அதில் குளித்துக்கொண்டிருந்தன. தொடாமல் இழுக்க வேண்டியதை எண்ணெய் தொட்டு இழுத்திருக்கிறது. முள் துள்ளாமல் என்ன செய்யும்? ஆனால் கீழே கியர்பாக்ஸில் இருக்க வேண்டிய எண்ணெய் டேஷ்போர்டு வரைக்கும் எப்படி ஏறியது?

வண்டிக்கு அடியில் படுத்து கேபிளின் மறுமுனையை உருவினேன். எண்ணெய் தடுக்கும் ரப்பர் சீல் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. அதற்குப் பதிலாக அரக்கு நிறத்தில் முறுக்குப் பட்டு, ஒரு இழை பிசகாமல் சுற்றி, முடிச்சுப் போட்டு நறுக்கியிருந்தது. இந்த ஊரில் பெருக்குமாறு பிரிந்தாலும் பட்டு நூல்தான், மூக்குக் கண்ணாடியின் காது உடைந்தாலும் பட்டு நூல்தான். சீல் போய் எண்ணெய் சொட்டியபோது ஐயா கைவசம் இருந்ததைக் கொண்டு தானே அடைத்திருக்கிறார். அதன்பிறகு தரையில் சொட்டவில்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. கீழே சொட்டாத எண்ணெய் மேலே போனது அவருக்குத் தெரியாது. பட்டு எண்ணெயை நன்றாகக் குடிக்கும். திருகு மாதிரி முறுக்கிய கேபிள் சுற்றச் சுற்ற, பட்டு குடித்ததையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. இதை விளக்கிச் சொன்னேன். ஐயா அந்தப் பட்டுச் சுருளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை நம்ப அவருக்கு மனசே வரவில்லை. "ஏம்பா, பட்டு போயி எங்கனா கெடுதல் பண்ணுமா?"

ஐயா கேட்டது

கிண்ணத்தையும் காந்தத்தையும் வெள்ளைப் பெட்ரோலில் கழுவி, நிழலில் காயவைத்தேன். புது சீல் போட்டேன். கேபிளைத் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவினேன். மீட்டர் பக்கத்து நுனியில் மட்டும் தடவவில்லை, அங்கே தடவினால் திரும்பவும் உள்ளே ஏறும். ஸ்பிரிங்குக்கு நல்லகாலம், ஒன்றும் ஆகவில்லை. கடைசி வேலை முள்ளைச் செருகுவது. ஒரு நூலளவு தள்ளிச் செருகினால் போதும், பத்து கிலோமீட்டர் கூடும் அல்லது குறையும்.

இது தெரிந்தவர் போலவே அன்று சாயங்காலம் பரசுராமன் ஐயா தனியாக வந்தார். ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். முப்பதில் ஓட்டினால் பால்காரன் தாண்டிப் போவானாம், ராகு காலம் வழியிலேயே பிடித்துக்கொள்ளுமாம், ஊரில் தலைகாட்ட முடியாதாம். வண்டி நாற்பதில் போகும்போது முள் முப்பது காட்டினால் எல்லாருக்கும் நல்லது என்றார். நான், "பாத்துக்கலாங்க" என்றேன். எங்கள் தொழிலில் அதற்குச் சரி என்றும் அர்த்தமில்லை, முடியாது என்றும் அர்த்தமில்லை. ஐயா சரி என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாக எழுந்தார். "அவ கண்ணுக்கு முப்பது, என் காலுக்கு நாப்பது. யாருக்கும் பேஜாரில்ல, இன்னா?"

அம்மா கேட்டது

மறுநாள் காலை கடையைத் திறந்து தண்ணீர் தெளிக்கிறேன், அலமேலு அம்மாள் நிற்கிறார். கையில் கோயில் தட்டு. கோயிலுக்குப் போகிற வழியாம். கோயில் எதிர்த்திசையில் இருக்கிறது. மேசைமேல் கிடந்த மீட்டரைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் முப்பது என்று சட்டம் போட்டது பேச்சுக்குத்தானாம். உண்மையில் இருபதுக்கு மேல் போனாலே அவர் சாமியைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாராம். போன தடவை ஐயா ஒரு வேகத்தடையைப் பார்க்காமல் விட்டதில் இவர் தலை கூரையில் இடித்ததாம். "எனக்கு இடிச்சா பரவால்ல தம்பி, அவ வயித்துல புள்ள இருக்குது" என்று சொல்லும்போது தட்டில் இருந்த தேங்காய் உருண்டது.

அதனால் வண்டி இருபதில் போகும்போதே முள் முப்பது காட்ட வேண்டுமாம். முப்பது வந்துவிட்டது என்று ஐயா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவாராம். நான் வாயைத் திறந்தேன். வந்தது அதே "பாத்துக்கலாங்கம்மா"தான். அவரும் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார். ஒரு வாழைப்பழத்தை எடுத்து மீட்டர் பக்கத்தில் வைத்தார், முள்ளுக்கா எனக்கா என்று தெரியவில்லை. "அவரு வாய நம்பாமதான் முள்ள நம்பி கீறேன், அந்த முள்ளு நம்ம பக்கம் இருக்கட்டும் தம்பி."

கல்லுக்குக் கல்

அன்று முழுக்க முள் மேசையில் தனியாகக் கிடந்தது. சிவப்பு நுனி, ஊசி கனம். மோட்டாரை ஓட்டிவிட்டு, முள் இல்லாத மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே வேகம் இருந்தது, காட்டத்தான் ஒன்றுமில்லை. பத்து குறைக்கச் சொன்னவர் தகப்பன், பத்து கூட்டச் சொன்னவர் தாய். இரண்டு பேருமே அந்தப் பெண்ணுக்காகத்தான் பயப்படுகிறார்கள். ஒருவருக்கு ராகு காலப் பயம், இன்னொருவருக்கு வேகத்தடைப் பயம். பின்சீட்டில் வரப்போகிற பெண்ணிடம், உனக்கு என்ன வேகம் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பொய்யான முள்ளைப் பார்த்து ஓட்டி அவளுக்கு ஏதாவது ஆனால்? எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. முள்ளை எடுத்து, இருக்க வேண்டிய இடத்திலேயே செருகினேன்.

மறுநாள் விடிகாலையில் மீட்டரை வண்டியில் மாட்டி, போளூர் ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வயல்மேல் பனி படுத்திருந்தது. தூரத்தில் ஜவ்வாது மலை இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி நின்றது. முப்பதில் போனால் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சரியாக இரண்டு நிமிடம்; இதைவிட நல்ல மீட்டர் கிடையாது. முள்ளை முப்பதில் நிறுத்திக்கொண்டு போனேன். ஒரு கல் பனியிலிருந்து மெல்ல எழுந்து வந்தது, கடிகாரத்தைப் பார்த்தேன், சரி. அடுத்த கல், அதுவும் சரி. முள் ஆடவே இல்லை. நான் இத்தனை நாள் மேசையில் உட்கார்ந்து போன பயணம் மாதிரியே இருந்தது, காற்று மட்டும் நிஜம். இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் என்று நினைத்தபோது, கேன்களைக் கட்டிய மொபெட்டில் ஒரு பால்காரர் என்னைத் தாண்டினார். தாண்டியவர் திரும்பிப் பார்த்து அக்கறையாகக் கேட்டார்: "இன்னாண்ணா, வண்டி தள்ளணுமா?"

வளையல் சத்தம்

வளைகாப்பு அன்று நான் ஒரு வேலையும் செய்யவில்லை. ராகு காலம் நெருங்க நெருங்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னபடி செய்யவில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து வந்து திட்டப்போகிறார்கள் என்பது ஒரு பக்கம்; அந்தப் பெண் நல்லபடியாக வந்து சேர வேண்டுமே என்பது இன்னொரு பக்கம். தெருமுனையில் வெள்ளை அம்பாசிடர் திரும்பியது. ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. என் கடை முன்னால் வண்டி, தேர் நிற்பதுபோல் அலுங்காமல் நின்றது.

பரசுராமன் ஐயா இறங்கி, புளிசாதப் பொட்டலத்தை என் கையில் வைத்து, காதோரம் சொன்னார்: "நாப்பதுல பறந்து வந்தேம்பா, ஒரு இடத்துல கூட அவ வாயத் தொறக்கல!" ஆரத்திக்குக் கற்பூரம் வாங்க அவர் எதிர்க்கடைக்குப் போனதும், முன்சீட்டிலிருந்து அலமேலு அம்மாள் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இருவதுலயே ஊர்ந்துகினு வந்தோம் தம்பி, அவரு முப்பதுன்னு நெனச்சிகினு சமத்தா ஓட்டுனாரு. அதான் புள்ள குலுங்கவே இல்ல."

பின்சீட்டில் வளையல் குலுங்கியது. கீதா ஜன்னலோரம் நகர்ந்து வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், தூங்கி எழுந்த கண். மடியில் செல்போன். அப்பாவும் அம்மாவும் முள்ளின் ரகசியத்தைத் தனித்தனியாக அவள் காதில் போட்டிருக்கிறார்கள். கிளம்பியதிலிருந்து அவள் போனில் வேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மாவுக்குக் கேட்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "போன்லயும் முப்பது, முள்ளுலயும் முப்பதுதாண்ணா. சந்தவாசல் தாண்டுனதும் நம்பித் தூங்கிட்டேன். இவங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லிடாதீங்க, கொழந்த பொறக்கற வரைக்குமாவது வீட்ல சண்டை வேணாம்."

ஆக, சக ஜீவன்களே, சரியாகக் காட்டுகிற முள்ளை இந்த உலகம் நிம்மதியாகப் பார்க்க வேண்டுமென்றால், அது தனக்காகத்தான் பொய் சொல்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டும்.