ஜன்னலோர நாற்காலி

சின்ன வயதிலேயே எங்கள் ஊர் மாளிகையில் வேலைக்குப் போனவள் லியோன்தீன். அந்தச் சாப்பாட்டு மண்டபத்தில் அவள் பரிமாறாத விருந்து இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் காபிக் கடைக்கு வந்தால் ஒரே பேச்சுதான்.

"அந்த ஜன்னலோர நாற்காலியிலே ஒரு வேளை உக்காந்து சாப்பிடணும் ழெர்மேன்."

"ஏன், என் கடை நாற்காலியில முள்ளு இருக்கா? உங்க எஜமானி பாரிஸ் போறப்ப உக்காந்து பாக்கிறதுதானே?"

"போடி. திருட்டுத்தனமா உக்காந்தா அது உக்காந்ததா? நாலு பேர் பாக்க உக்காரணும்."

ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை. எனக்கே சில நாள் எரிச்சலாக வரும், சில நாள் பாவமாக இருக்கும்.

போருக்கு முந்தின இலையுதிர்காலத்தில் சினிமாக்காரர்கள் வந்து மாளிகையை வாடகைக்கு எடுத்தார்கள். எஜமானர்களும் வேலைக்காரர்களும் அடிக்கும் கூத்தைப் பற்றிச் சிரிப்புப் படமாம். விருந்தாளியாக நடிக்க வந்த ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவளுடைய பட்டுக் கவுன் லியோன்தீனுக்குத்தான் பொருந்தியது. தட்டு ஏந்திப் பழகியவள் என்று என்னைப் பிடித்து வேலைக்காரியாக நிறுத்தினார்கள். எப்படி இருக்கிறது பாருங்கள்! அவள் சீமாட்டி, நான் அவளுக்குப் பரிமாறுகிறவள்.

அவளுக்குக் கிடைத்ததும் அதே ஜன்னலோர நாற்காலி. காட்டுக்கோழித் துண்டை வாயில் வைத்தபோது அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து, எஜமானியாக நடித்தவள் வேலைக்காரியைக் கூப்பிடும் மேசை மணியை ஆட்டினாள். அவ்வளவுதான். லியோன்தீன் விசுக்கென்று எழுந்து, பக்கத்து விருந்தாளியின் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றாள். காமிராக்காரர் வரைக்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

"உக்காருங்கம்மா, நீங்க விருந்தாளி" என்றார் இயக்குநர்.

மறுபடி எடுத்தார்கள். மணி அடித்தபோது லியோன்தீன் மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவே இல்லை. சாவகாசமாகச் சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

படம் வந்ததும் பக்கத்து டவுன் ரொமோரான்தாங்கில் தியேட்டருக்குப் போனோம். கையுறையெல்லாம் போட்டு வந்திருந்தாள். விருந்துக் காட்சி வந்தது. மணி அடித்தது. திரையில் லியோன்தீன் எழுந்து தட்டைத் தூக்கினாள். அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தது ஒரு கணம்கூட இல்லை, மறுபடி எடுத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் வெட்டியிருந்தார்கள். கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாவிகள். எழுந்து நாலு வார்த்தை கேட்கலாமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்து அமர்த்தினாள்.

வெளியே பஸ்ஸுக்காக நின்றோம்.

"ழெர்மேன், நான் உக்காந்துதானே இருந்தேன்?"

"உக்காந்திருந்தேடி. நான்தானே பரிமாறினேன்."

"இடது பக்கமா வந்துதானே பரிமாறினே?"

"இடது பக்கமாத்தான். உங்க வீட்டுப் பெரிய விருந்தாளிக்கு எப்படியோ அப்படி."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.