தூக்கினால் கண் திறக்கும்

கண்ணாடிப் பெட்டிக்குள் என் பொம்மை கண்மூடிப் படுத்திருந்தது. ஒரு கை கிடையாது. முடியில் பாதி என் கத்தரிக்கோலுக்குப் பலி. படுக்கவைத்தால் கண் மூடும், தூக்கினால் திறக்கும் ரகம். திருவொற்றியூரில் ஒரு பழைய கிடங்கில் என் ஓவியக் கண்காட்சி. படங்கள் எல்லாமே பொம்மைகள்தான். "இது எதோட குறியீடு மேடம்? அட்டையில எழுதணும்" என்றார் பொறுப்பாளர். எனக்குப் பெரியம்மா நினைவு வந்தது.

ராயபுரத்தில் எங்கள் சந்துக் கிறிஸ்துமஸ் குடிலைப் பெரியம்மாதான் வைப்பார். பெரியப்பா துறைமுகத்திலிருந்து கொண்டுவரும் சாக்குதான் மலை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து மந்திரித்த பிறகே குழந்தை இயேசுவைக் கிடத்துவார்கள். எனக்கு ஏழு வயதான வருடம், அந்தச் சுரூபத்தைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கீழே போட்டுச் சுக்குநூறாக்கினேன். சாமியார் வர ஒரு மணி நேரம்கூட இல்லை. பெரியம்மா அடிக்கவில்லை. என் இடுப்பிலிருந்த பொம்மையைப் பார்த்தார். "ஒன் புள்ளைய குட்றியா?" என்றார். அழுதுகொண்டே கொடுத்தேன். சாமியார் சிரித்துக்கொண்டே அதையே குழந்தை இயேசுவாக மந்திரித்தார்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தபோது பொம்மைக்குக் கை நீட்டினேன். சந்துப் பெரியவர் மறித்தார். "மந்திரிச்ச சொரூபம்மா அது. வெளாட குட்த்தா பாவம். கோயில்லயே வெச்சிரலாம்." எனக்கு உயிரே போயிற்று. பெரியம்மா பொம்மையைத் தூக்கினார், கண் திறந்தது. "பாரு நைனா, முழிச்சிகினு கீது. புள்ளன்னா யாராச்சும் தூக்கணும். அலமாரில பூட்டி வெக்கவா மாதா பெத்தாங்க?" என்று என் இடுப்பிலேயே திருப்பி வைத்தார். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கொலுப்படியில் நிற்பது, புது வீட்டு வாசலில் திருஷ்டிக்குத் தொங்குவது, குடிலில் கிடப்பது என்று எத்தனையோ பொம்மைகளை வரைந்துவிட்டேன். களிமண்ணோ பிளாஸ்டிக்கோ, மனுஷக் கை பட்டால்தான் பொம்மைக்கு அர்த்தம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பெரியம்மா இன்று இல்லை. இருந்திருந்தால் அந்தப் பெட்டியைப் பார்த்து என்னை ஒரு வழி பண்ணியிருப்பார்.

பெட்டியை எடுக்கச் சொன்னேன். "யாராச்சும் தொட்டுடுவாங்களே மேடம்" என்று பதறினார் பொறுப்பாளர். அதற்குத்தான் என்றேன். அட்டையில் 'தூக்கலாம்' என்று மட்டும் எழுதினேன்.

கூடத்தைப் பெருக்க வந்த அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பொம்மையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். அது கண் திறந்து என்னைப் பார்த்தது.