தும்பி பறந்தால் அடுப்பு அணையும்

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு விமானப் படை இருந்தது என்று சொன்னால் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். விமானம் ஒன்று, ஆட்கள் நாலு பேர், தலைமையகம் தலைமன்னாரில் எங்கள் வளவுக்கு முன்னாலிருந்த சித்தப்பாவின் போன் திருத்தும் கடை. சம்பளம் ஒருவருக்கும் இல்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. இஞ்சின் பழுதாகி ஒரு படகு இழுபட்டுப் போனால், மற்றப் படகுகள் நாலு திசையும் ஓடி, எண்ணெய் தீர்ந்து வெறுங்கையோடு திரும்புவதை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். மேலேயிருந்து தேடினால் என்ன என்று யோசித்திருக்கிறார். பழைய சாமான்களைப் பொறுக்கிச் சேர்த்துத் தானே ஒரு ட்ரோன் பூட்டினார். நாலு விசிறி, நடுவில் ஒரு குட்டிக் கமரா. அதற்குத் தும்பி என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற ரீச்சர் அக்கா, ஓட்டோ ஓடுகிற நானா, ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா என்று மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லா அரசாங்கக் கந்தோர்களுக்கும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியது ஐயாதான். சித்தப்பா ‘வான்படை’ என்று பலகை எழுதிக் கொழுவியதும், “தம்பி, இந்த ஊரிலை படை எண்டு எழுதி வைக்க உமக்கென்ன விசரோ?” என்று அவரே அதை அழித்து ‘வான் கழகம்’ ஆக்கினார்.

கழகம் முதல் ஆறு மாதத்தில் கண்டுபிடித்தவை இரண்டு ஆடுகள், ஒரு கழுதை. கழுதையைக் காணவில்லை என்று யாரும் முறையிட்டிருக்கவில்லை. ஆனாலும் ஐயா அதைப் புத்தகத்தில் பதிந்து வைத்தார்.

தும்பி கிளம்புகிறது என்றால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கரைக்கு ஓடும். எங்கள் வீட்டில் மட்டும் கதை வேறு. அந்த இரைச்சல் காதில் விழுந்த உடனே அம்மா ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றி விடுவாள். சோறு அரை அவியலில் நிற்கும். பிறகு வளவுக்கு ஓடிப்போய்க் கொடியில் காய்கிற வெள்ளை உடுப்புகளை அள்ளிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தி, சுவரோடு ஒட்டிக்கொண்டு குந்தியிருப்பாள். ஊரே அதைத் தும்பி என்றது. அவள் ஒருத்திதான் வண்டு என்றாள். அம்மா பெருநிலப் பக்கம், முருங்கனுக்கு அங்கால் பிறந்தவள். கைக்குழந்தையான என்னோடு தாய்வீட்டுக்குப் போன இடத்தில் பாதை பூட்டுப்பட்டு, சண்டை முடிந்த பிறகுதான் எங்கள் தீவுக்குத் திரும்பி வந்தாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் கதைப்பதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பத்து வயதுப் பிள்ளைக்குப் பசிக்கிற நேரத்தில் சோறு இல்லை என்பதுதான். சிநேகிதிகள், “உங்கட அம்மா ஒரு பயந்தாங்கொள்ளி” என்று நெளிப்புக் காட்டுவார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள்மேல் கோபமாகவும் இருந்தது.

ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் அப்பாவின் படகு திரும்பி வரவில்லை.

விடியக் கரைக்கு வந்திருக்க வேண்டியவர். ஒன்பது மணியாகியும் காணோம். தேடிப் போன இரண்டு படகுகளும் சும்மா திரும்பி வந்தன. அம்மா சீப்பை எடுத்தாள். எனக்குத் தலை இழுத்துவிட்டாள், இழுத்த தலையைத் திரும்பவும் இழுத்தாள். சித்தப்பா தும்பியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார். முதல்முறையாக அதில் ஆடு தேடாமல் தன் தமையனைத் தேடினார்.

அது உயரப் போய்க் கடலுக்கு மேலே புள்ளியாகி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் படம் தெரிகிற போன் திரை கறுத்துவிட்டது. தொடர்பு அறுந்தால் தானாகவே திரும்பி வரவேண்டும், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணித்தியாலம் போயும் வரவில்லை. எடுத்த படமெல்லாம் அதற்குள் இருக்கிற மெமரி காட்டில்தான் இருந்தது. தும்பி கிடைத்தால்தான் அப்பா கிடைப்பார். தும்பியைச் சோளகக் காற்று வடகிழக்கே தள்ளியிருக்கும் என்று நால்வரும் அந்தப் பக்கம் தேடக் கிளம்பினார்கள்.

அப்போதுதான் அம்மா வந்தாள். கையெல்லாம் ஈரச் சாம்பல். அன்றைக்கும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“அங்காலை போகாதேங்கோ. அது கடல்லயிருந்து வந்திட்டுது. தெற்கால திரும்பி, பழைய தண்டவாளத்துக்கு மேலை ரெண்டு தரம் சுத்தினது. பிறகு சத்தம் அறுந்திட்டுது.”

“அண்ணி, நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருந்தனீங்கள். நாங்கள் வெளியிலை நிண்டும் காணேல்லை.”

அம்மா முன்னால் நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. செருப்புக்கூடப் போடவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி ஓரிடத்தில் நின்று, கண்ணை மூடி, கொஞ்சம் இடப்பக்கம் கையைக் காட்டினாள். உடைமுள்ளுப் பற்றைக்குள் தும்பி ஒரு விசிறி முறிந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டோ நானா “அல்லாஹ்” என்று மட்டும் சொன்னார்.

ரீச்சர் அக்கா மெமரி காட்டைக் கழற்றித் தன் மடிக்கணினியில் போட்டார். படம் படமாகத் தண்ணீர். பிறகு மணல் தீடைகள், கடலுக்கு நடுவே கிடக்கிற வெறும் மணல் திட்டுகள். ஒரு தீடையின் ஓரத்தில் படகளவில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்குப் பக்கத்தில் நீலமாக ஒரு சதுரம். அது படகை மூடுகிற எங்கள் வீட்டுத் தறப்பாள், மூலையில் நான் தைத்த ஒட்டுக்கூடத் தெரிந்தது என்று இன்றைக்கும் சாதிப்பேன். சித்தப்பா அதை ஒப்புக்கொள்வதில்லை.

படகுகள் போய்க் கூட்டிவர, மத்தியானம் அப்பா கரை இறங்கினார். இஞ்சின் நின்று, இழுபட்டுப் போய், தீடையில் ஏறியிருக்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி, “சோறு இருக்கோ?” எங்கள் வீட்டில் அணைந்த அடுப்பும் அரை அவியல் சோறும்தான் இருந்தன. நானா பேக்கரிக்கு ஓடிப்போய்ப் பாண் வாங்கிவந்தார். அம்மா அழுது நான் கண்டது அந்தப் பாணைப் பிய்த்து அப்பாவுக்குக் கொடுத்தபோதுதான். ஐயா கழகப் புத்தகத்தில் கழுதைக்குக் கீழே அப்பாவின் பெயரை எழுதினார். அப்பாவுக்கு அதில் இன்றுவரை மனத்தாங்கல்.

இப்போது கழகத்தில் மூன்று தும்பிகள். தேடல் என்றால் அம்மாவுக்குத்தான் முதலில் ஆள் அனுப்புகிறார்கள். அவள் ஒரு கதிரையைப் போட்டுக் கரையில் இருந்து கேட்பாள். போன வருடம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, உங்களுக்கு அன்றைக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவழியாகக் கேட்டேன். பங்கருக்குள் இருந்த நாட்களில் மேலே சுற்றுகிற வேவு விமானத்தைத்தான் எல்லாரும் வண்டு என்பார்களாம். புகையையும் வெள்ளைத் துணியையும் அது கண்டால் பிறகு ஷெல் வருமாம்.

“அது அங்காலை திரும்புற சத்தம் கேட்டாத்தான் உனக்குத் தண்ணி எடுக்க ஓடுவன். திரும்பி வாறதுக்கிடையிலை வந்திடவேணும். நீ நல்ல நித்திரை.”

அப்பா வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புது விசிறி பூட்டிய தும்பியைச் சித்தப்பா எங்கள் வளவுக்கு மேலேயே ஏற்றிப் பார்த்தார். குசினியிலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது. என் வெள்ளைப் பள்ளிச் சட்டை கொடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மா வாசலில் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தாள். கண்டும் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. அன்றைக்குச் சோறு நேரத்துக்குக் கிடைத்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.