படத்துக்குப் போட்ட மாலை

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலெர்மோவில் நான் வீட்டுவேலை செய்த வீட்டு அம்மா, சின்யோரா, எழுபதைத் தாண்டினவ. கூடத்துச் சுவரில் ஓர் இளம்பெண்ணின் பெரிய படம் இருந்தது. செத்துப்போன மகளாக்கும் என்று நினைச்சு, எங்கடை வழக்கப்படி பல்கனி மல்லிகையில் மாலை கட்டிப் போட்டன். ஏன் என்று கேட்டா. செத்தவைக்குப் போடுறது என்றன்.

“அது நான்தான்.”

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெரிய நடிகையாம். போர் முடிஞ்சதும், பழைய பாசிச ஆட்சியின் பிரசாரப் படங்களில் நடிச்சவள் என்று ஒருத்தரும் வேலை குடுக்கேல்லையாம். ஆரோ எழுதின வசனத்தைப் பேசினதுக்கு இவ்வளவு தண்டனையோ?

பதறிப்போய் மாலையைக் கழற்றினன். செத்தவைக்குப் போட்ட பூவை எங்கடை பெண்கள் தொடவும் பயப்படுவினம். சின்யோரா அதை வாங்கித் தன்ரை நரைச்ச கொண்டையில் சுற்றி, படத்தில் இருந்த மாதிரியே நாடியை நிமிர்த்தினா.

“இப்ப சொல்லு, ஆர் செத்தது?”